மாதரியை மறந்த காப்பியப் பெருமை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே. ஓர் அறிஞர் காப்பியங்களைப்பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை, எழுந்து மறுக்கவும் இல்லை. வயதில் மூத்தவர், மேடைக்கு மரியாதை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இப்போது அந்தப் பேச்சு ஒரு மலரில் கட்டுரையாக அச்சாகியிருக்கிறது. சில பள்ளிகளில் தமிழாசிரியர்கள் அதை நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருடம் இதே கெடாவில் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவன் நான். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மரியாதை ஆகாது, கோழைத்தனம்.

அவர் வாதத்தைக் கூட்டாமல் குறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். காப்பிய மாந்தர்கள் உயர்ந்தவர்கள். அவர்களிடம் அறப்போராட்டம் இருக்கிறது, உள்மனம் இருக்கிறது. ரப்பர்த் தோட்ட இலக்கியத்தில் வருகிறவர்கள் பால்வெட்டுகிறார்கள், குடிக்கிறார்கள், அழுகிறார்கள், சாகிறார்கள். அவர்களிடம் ஆராய ஒன்றும் இல்லை. ஆகவே அந்தக் கதைகள் சமூகத் தகவல்களே தவிர இலக்கியம் ஆகா. போதாக்குறைக்கு அவற்றின் கொச்சை நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது. ராஜேந்திர சோழன் வென்ற கடாரத்தில், அதாவது இந்தக் கெடாவில், வாழ்கிற நாம் அந்தப் பெருமைக்கு ஏற்ற காப்பியங்களைத்தான் படிக்க வேண்டும். இதுதான் கட்டுரையின் சாரம். மற்றதெல்லாம் அடுக்குமொழி.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். பாடாங் செராயிலிருந்து வந்த ஆறாம் படிவ மாணவி. மார்போடு அணைத்த நீல நிறக் கோப்பு. பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியத்தின் ஆங்கில நாவல் ஒன்றில் ஒரு பாட்டி வருகிறாள், அவளைக் கண்ணகியோடு ஒப்பிட்டு ஆய்வு எழுதலாமா என்று கேட்டாள். அறிஞர் சிரித்துவிட்டு, அந்தப் பாட்டி ஒரு பாத்திரமே இல்லை, அவளைப்போல் ஆயிரம் பேர் தோட்டத்தில் இருந்தார்கள், கண்ணகி ஒருத்திதான் என்றார். கூட்டமும் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை அவள் கோப்பைத் திறக்கவே இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெருமைப்படுகிற காப்பியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பெயர்களை எடுத்துவிட்டு, சிலப்பதிகாரக் கதையை ஒரு தோட்டத்துக் கிழவியிடம் சொல்லிப் பாருங்கள். கையில் இருந்ததையெல்லாம் தொலைத்த ஒருவன், பொழுது விடியுமுன், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். மிச்சம் இருப்பது அவள் காற்சிலம்பு மட்டும். அதை விற்று அந்நிய ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று காடும் மேடும் நடக்கிறார்கள். போன இடத்தில் தெரிந்தவர் யாருமில்லை. அவன் பேச்சை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. அதிகாரம் விசாரிக்காமலே அவனை வெட்டிப் போடுகிறது. அந்தக் கிழவி இது எந்தக் காப்பியம் என்று கேட்கமாட்டாள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தன் அப்பன் ஆத்தாளின் கதை என்றே நினைப்பாள். தாலியையும் தோட்டையும் அடகு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்.

மதுரைக்கு வெளியே அந்த இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது யார்? அரசனா, வணிகப் பெருமக்களா? மாதரி என்ற இடைக்குலத்துப் பெண். இயக்கிக்குப் பால் படைத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள். கவுந்தியடிகள் அவளிடம்தான் கண்ணகியை அடைக்கலம் கொடுக்கிறார். மாதரிக்குக் காப்பியத்தில் நீண்ட வசனங்கள் கிடையாது, பரம்பரைப் பெருமை கிடையாது. மாடு வளர்த்துப் பாலும் தயிரும் கொண்டு பிழைக்கும் குடும்பம். ஆனால் கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்த பிறகு, என்னிடம் ஒப்படைத்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீயில் புகுந்து உயிரை விடுகிறாள். இளங்கோ அந்தச் செய்தியை மதுரைக் காண்டத்தில் சொல்லவில்லை. கதை வஞ்சிக் காண்டத்துக்குப் போய், கல்லெடுத்து நீராட்டுகிற நீர்ப்படைக் காதையில், மாடலன் வாயால் சொல்ல வைக்கிறார். செங்குட்டுவன் வடக்கே வென்ற பெருமிதத்தோடு நிற்கும் இடம் அது. வெற்றி முழக்கத்தின் நடுவே ஓர் இடைச்சியின் சாவைக் கொண்டுவந்து வைக்கிறார் அந்தப் பெருங்கவி. எது பாத்திரம், எது பாத்திரம் இல்லை என்று இளங்கோவுக்குத் தெரிந்திருந்தது. அறிஞர் தம் கட்டுரையில் கோவலன், கண்ணகி, மாதவி, பாண்டியன், செங்குட்டுவன் என்று வரிசையாகப் பேசுகிறார். மாதரியின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. தேடிப் பார்த்தேன், இரண்டு முறை.

மணிமேகலைக்கு வருவோம். நம் வட்டாரத்தை ஒட்டிய காப்பியம் என்று அவரே கட்டுரையில் பாராட்டுகிறார், சாவக நாடு வருகிறது என்பதற்காக. சரி, அந்தச் சாவக நாட்டோடு பிணைந்த ஆபுத்திரன் யார்? பெற்ற தாய் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. எடுத்து வளர்த்த அந்தணர் வீட்டிலிருந்தும், வேள்விப் பசுவைக் காப்பாற்றிய குற்றத்துக்காகவும் பிறப்பின் காரணமாகவும் துரத்தப்பட்டான். மதுரையில் வீடு வீடாகப் பிச்சை எடுத்து, குருடருக்கும் முடவருக்கும் கொடுத்து, மிஞ்சியதை உண்டு, ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்கியவன். அமுதசுரபி கிடைத்த பிறகு, சாவகத்தில் மழை பொய்த்து மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். இடையில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பிறர் பசியாற்ற வழியில்லாத இடத்தில் தனக்கு மட்டும் சோறு எதற்கு என்று பாத்திரத்தைக் கோமுகியில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். பிறகு சாவகத்தில் மறுபடி பிறந்து அரசனாகிறான்.

அனாதை, பிறப்பைச் சொல்லி விரட்டப்பட்டவன், பிச்சையெடுத்தவன், கப்பலேறியவன், நடுவழியில் கைவிடப்பட்டவன். சாத்தனார் தம் காப்பியத்தின் அறத்தை முழுவதும் யார் தோளில் ஏற்றினார் என்று பாருங்கள். இவனை ஒரு தோட்டத்து நாவலில் எழுதியிருந்தால் அறிஞர் என்ன சொல்லியிருப்பார்? சமூகத் தகவல், அழுகை, ஆராய ஒன்றும் இல்லை என்றுதான். காப்பியம் என்று அட்டையில் போட்டிருப்பதால் வணங்குகிறார். தோட்டத் தொழிலாளியின் லயத்து வீடு என்று எழுதியிருந்தால் மூடி வைக்கிறார். இது இலக்கிய ஆராய்ச்சியே இல்லை. மனிதனின் தொழிலையும் வீட்டையும் பார்த்து மதிப்புப் போடுகிற பழைய வழக்கம். தோட்டத்தில் எழுத்தர்களான கிராணிமார் வீட்டு வாசலில் நம் பாட்டன்மார் எட்டி நின்று பேசினார்களே, அந்த வழக்கம்.

அந்தப் பெண் கேட்ட பாட்டி யார் என்று இப்போது சொல்ல வேண்டும். கூட்டத்தில் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த நாவலைப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கே.எஸ். மணியம் 1942இல் பீடோங்கில் பிறந்தவர். 1981இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘தி ரிட்டர்ன்’. ரவி என்ற பையன் சொல்வதாகக் கதை போகிறது. நாவல் திறப்பதே பாட்டியில்தான். பெரியதாய் என்று அழைக்கப்படும் அவள் மூன்று மகன்களோடும் கொஞ்சம் மூட்டை முடிச்சோடும் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தவள். பாத்திரம் அடைக்கிறாள், தெருத்தெருவாகச் சரக்கு விற்கிறாள், பலகாரம் சுட்டு விற்கிறாள். ஒரு துண்டு நிலத்தில் தன் கையால் வீடு எழுப்புகிறாள். வெள்ளிக்கிழமையானால் விளக்கேற்றி, தான் விட்டுவந்த ஊரையே அந்த வீட்டுக்குள் திரும்பக் கட்டுகிறாள். பிறகு ஒருநாள் கடிதம் வருகிறது: நிலம் உன்னுடையது இல்லை, கிராண்டு என்கிற நிலப்பட்டா எங்கே? அவளிடம் கிராண்டு இல்லை. இத்தனை வருடம் உழைத்த உழைப்புதான் இருக்கிறது. அந்த உழைப்பை எந்த அலுவலகமும் பத்திரமாக ஏற்றுக்கொள்ளாது என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

இது வெறும் அழுகையா? அவள் அழுவதே குறைவு. அவள் வாதாடுகிறாள், அலைகிறாள், அடம் பிடிக்கிறாள், நிலத்தைத் தன்னுடையதாகவே கருதிக்கொண்டு சாகிறாள். நீதி கேட்டு அரசவைக்குப் போன கண்ணகியின் கையில் சாட்சியாக ஒரு சிலம்பாவது இருந்தது. உடைத்துக் காட்டினாள், மாணிக்கம் தெறித்தது, அரசன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். பெரியதாய் எதை உடைத்துக் காட்டுவாள்? அவளுக்கு எதிரே இருப்பவன் தப்பை உணர்ந்து சிம்மாசனத்திலிருந்து விழக்கூடிய அரசன் இல்லை, முத்திரை குத்திய ஒரு தாள். அந்தத் தாளுக்கு மனசாட்சி கிடையாது. கண்ணகியையும் அவளையும் பக்கத்தில் வைத்தால் இருபதாம் நூற்றாண்டில் நீதி எப்படி முகமில்லாமல் போனது என்பது தெரியும். பாடாங் செராய்ப் பெண் கேட்ட ஒப்பீடு அவ்வளவு ஆழமானது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குப் போதுமான கேள்வியைப் பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்டாள், அதைச் சிரித்து அனுப்பினோம்.

நாவல் அதோடு நிற்கவில்லை. அவள் மகன், ரவியின் அப்பா, ‘நைனா’. ஆஸ்பத்திரி கம்பவுண்டில் சலவைத் தொழிலாளி. காலமெல்லாம் அடுத்தவர் அழுக்கை வெளுத்தவன், கடைசியில் ஆற்றோரம் ஒரு நிலத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே வீடு கட்டுகிறான். அது அவனுக்குச் சொந்தமில்லை. அம்மாவுக்கு நடந்ததே அவனுக்கும் நடக்கிறது. ஆனால் அவன் அம்மாவைப்போல் வாதாடவில்லை. மனம் பேதலித்து, பல மொழிகள் கலந்த ஒரு மந்திரத்தை முணுமுணுக்கிறான். தமிழுக்கு இந்த மண் இரங்கவில்லை, மற்ற மொழிகளுக்காவது இரங்குமா என்று தேடுகிற தவிப்பாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். கடைசியில் அந்த வீட்டோடு எரிந்து போகிறான். இங்கிலாந்து போய்ப் படித்து ஆசிரியராகத் திரும்பிய ரவி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாவலின் பெரிய வலி ரவிதான். அவன் கெட்டவன் இல்லை. ஆங்கிலப் பள்ளி அவனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டு, அந்தக் கண்ணால் தகப்பனைப் பார்க்கக் கூச்சப்பட வைத்துவிட்டது. இந்தக் கூச்சம் என் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் அப்பாவின் தொழில் என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனாவை ஒரு நொடி நிறுத்தியவர்கள் நாங்கள்.

இதிலே உள்மனம் இல்லையாம். அறப்போராட்டம் இல்லையாம்.

மண்மேல் கொண்ட இந்த வெறி மணியத்தின் கற்பனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, கூலியோடு சேர்ந்து வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே நாளில் பறிபோயின. அதைப் பார்த்துத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்குக்கு மாதம் பத்து வெள்ளி. அன்றைய பால்வெட்டுக் கூலியில் பத்து வெள்ளி என்றால் வீட்டில் எதையோ குறைத்தே ஆக வேண்டும். குறைத்தார்கள், கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதன்முதலில் 1961இல் வாங்கியது இதே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். என் பாட்டி எழுத்து வாசிக்கத் தெரியாதவள். அந்தப் பங்குப் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். மாதக் கடைசியில் எடுத்துப் பிரிப்பாள். முத்திரை குத்திய கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். பெரியதாயை நாவலில் சந்தித்தபோது எனக்கு அவள் புதியவளாகத் தெரியவில்லை. அதேசமயம் என் பாட்டியைப்பற்றி நான் கேட்காமல் விட்ட அத்தனையையும் மணியம் எனக்குக் காட்டினார். அவளைப்போல் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்கிறார் அறிஞர். இருந்தார்கள்தான். அந்த ஆயிரம் பேரில் ஒருத்தியைப் பிரித்து எடுத்து, அவள் மூச்சு நமக்குக் கேட்கும்படி செய்வதற்குப் பெயர்தான் பாத்திரப் படைப்பு.

கம்பராமாயணத்துக் கும்பகர்ணனைப்பற்றி அறிஞர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். செஞ்சோற்றுக் கடன். அண்ணன் செய்வது அதர்மம் என்று தெரியும், எடுத்துச் சொல்லியும் பார்த்தாயிற்று. உண்ட சோற்றுக்காகக் களத்துக்குப் போகிறான். இப்படி ஒரு நெஞ்சப் போராட்டம் தோட்டத்தில் ஏது என்று கேட்கிறார். நான் அவரைத் தோட்டத்து மேற்பார்வையாளர்களான தண்டல்மாரிடம் கூட்டிப்போக விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-47இல், கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமை. கள்ளுக்கடை மறியல், கட்டுப்பாடு, காக்கி உடுப்பு, அணிவகுப்பு. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலம் முடிந்தது என்று சொன்ன இளைஞர்கள் அவர்கள். 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் அவர்களை அடித்து நொறுக்கியது. உயிரும் போனது. அந்த நாள்களைப்பற்றி என் அப்பா சொன்ன ஒரு மனிதர் என் நினைவை விட்டுப் போகவே இல்லை. எங்கள் தோட்டத்துத் தண்டல். சொந்தத் தங்கை மகன் தொண்டர் படையில் இருக்கிறான். இவருக்கு வேலை கொடுத்து, ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு திரும்பவும் பெயர் பதிந்து, அரிசி கொடுத்தது தோட்ட நிர்வாகம். மறியல் அன்று காலை அவர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார், பெயர்களைக் கூப்பிட்டார். வராதவர்களின் பெயரையும் விடாமல் கூப்பிட்டார். மருமகன் பெயர் வந்தபோது மட்டும் குரல் எழும்பவில்லையாம். கிராணி எழுதிக்கொண்டார். அந்தப் பையன் தலை உடைந்து வந்த பிறகு, தண்டல் அவனை வீட்டில் வைத்துப் பார்த்தார். ஆனால் வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அப்பா சொல்வார். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாராம்.

கம்பன் அந்த மனிதரைப் பார்த்திருந்தால் யாரென்று கேட்டிருக்கமாட்டான். அடையாளம் கண்டுகொண்டிருப்பான். உண்ட சோற்றுக்கும் சொந்த ரத்தத்துக்கும் நடுவே கிழிபட்ட ஒருவனை எழுத அவனுக்கு இலங்கையும் மகுடமும் தேவைப்பட்டன, அவன் கையில் இருந்த கதை அது. நமக்குப் பெரட்டுக்களமும் பெயர்ப் பதிவேடும் கிடைத்திருக்கின்றன. கும்பகர்ணனைப் படித்தும் தண்டலைப் பார்க்கத் தெரியவில்லை என்றால், அந்தப் படிப்பு மனப்பாடத்தோடு நின்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்து கொச்சை என்ற குற்றச்சாட்டு. இதற்கு அவர் கையில் எடுத்த ஆதாரம் ம. நவீனின் ‘பேய்ச்சி’. லூனாஸ் வட்டாரத்தையும், எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே விஷச் சாராயம் பலிவாங்கிய உயிர்களையும், நாட்டார் தெய்வத் தாய்மையையும் வைத்து எழுதப்பட்ட நாவல். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அறிஞர் அந்தத் தடையை ஓர் இலக்கியச் சான்றிதழைப்போல் தூக்கிக் காட்டுகிறார்: பாருங்கள், அரசாங்கமே ஆபாசம் என்று சொல்லிவிட்டது. இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு தமிழ் நாவலின் தரத்தைத் தமிழறிஞர் தாமே படித்து, பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டிச் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லையா, கிழித்து எழுதுங்கள், அது உங்கள் உரிமை. அரசாணையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கல்லெறிவது விமர்சனம் ஆகாது. தடையால் அந்த எழுத்தாளருக்கு இந்த நாட்டில் தம் நூலை விரித்து வைத்து மறுக்கவே வழியில்லை. பதில் சொல்ல முடியாதவனோடுதான் அறிஞர் மல்லுக்கு நிற்கிறார்.

தடை இருப்பதால் அந்த நாவலுக்குள் நான் போகவில்லை. காப்பியத்துக்குள் போகிறேன். கணவனைக் கொன்ற ஊரை மும்முறை வலம் வந்து, தன் இடமுலையைத் திருகி எறிந்து, நகரத்துக்குத் தீ வைத்த பெண்ணை நாம் தெய்வம் என்கிறோம். பள்ளியில் நடத்துகிறோம், மேடையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணகி வேடம் போட்டு நிறுத்துகிறோம். பெண்ணுடலும் கோபமும் இவ்வளவு வெளிப்படையாகச் சேருகிற இன்னொரு காட்சி தமிழில் உண்டா? அதை இளங்கோ எழுதினால் கற்பின் கனல். ஒரு தோட்டத்துத் தாய் குடல் கொதித்து, தனக்குத் தெரிந்த சொற்களால் ஊரை ஏசினால் அது கொச்சை. அவள் வாயில் எந்தச் சொல்லை வைக்கச் சொல்கிறீர்கள்? அகவற்பாவா? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேய்ச்சி, இசக்கி, முனியாண்டி என்று கும்பிடும் கூட்டத்தின் கதை உயர்ந்த இலக்கியத்துக்கு ஆகாது என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. மாதரி பால் படைத்துவிட்டு வந்தது எந்தத் தெய்வத்துக்கு? இயக்கிக்கு. மதுரைக்கு வெளியே இருந்த ஒரு பெண் தெய்வத்துக்கு. நம் தோட்டத்து எல்லையில், கித்தா என்கிற ரப்பர் மரத்தடியில், சிவப்புத் துணி சுற்றிய கல்லாக நிற்பவளும் அந்த வம்சம்தான். காப்பியத்தை முழுதாகப் படித்தவர் அந்த வரியை எழுதியிருக்க முடியாது.

கடாரப் பெருமையையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை வந்தது, வென்றது, திரும்பியது. காட்டை அழித்து, மலேரியாவில் செத்து, ஜெராய் மலையடிவாரம் முழுக்கக் கித்தா நட்டு, இங்கேயே தங்கியவர்கள் லயத்து மனிதர்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி என்கிற பழைய கோயில் ஒன்றை 2013இல் புல்டோசர் வைத்து இடித்துத் தள்ளியபோது, மேடைகளில் கடாரம் கடாரம் என்று முழங்குகிற எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பதை அறிஞரின் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. ‘இந்தர்லோக்’ விவகாரம் நமக்கு இன்னும் மறக்கவில்லை. கெடாவின் யானில் பிறந்த தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த நாவல். 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக வந்தது. அதில் மணியம் என்ற பாத்திரத்தின் குடும்பத்தைச் சித்தரித்த விதமும், சாதிப்பெயர் ஒன்றை நம் எல்லோர்மேலும் பூசிய விதமும் நம்மைக் கொதிக்க வைத்தன. போராட்டத்துக்குப் பிறகு அந்த ஆண்டு முடிவில் நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அன்று அதற்கு எதிராகப் பேசியவர்களில் இந்த அறிஞரும் ஒருவர். நம் மக்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்க்காமல் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள் என்பதுதான் அன்றைய அவருடைய வாதம். சரியான வாதம், நானும் கைதட்டினேன். இன்று அவரே என்ன செய்கிறார்? தோட்டத்தான் என்றால் குடிப்பான், அழுவான், சாவான் என்று அதே அச்சை எடுத்து வந்து வைக்கிறார். அடுத்தவர் செய்தால் அவமானம், நாம் செய்தால் ஆராய்ச்சியா?

அவர் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளும் விஷயமும் உண்டு. மோசமான தோட்டக் கதைகள் ஏராளம். போட்டிக்கென்றே எழுதப்பட்டவை. குடிகாரக் கணவன், அவன் அடிக்கும் மனைவி, கெட்ட கங்காணி, கெட்ட துரை, கடைசிப் பக்கத்தில் பட்டதாரியாகி வந்து நிற்கும் மகன். நானே நடுவராக இருந்து இப்படிப்பட்டவற்றைக் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு எழுதியவர்களின் நூல்களிலும் இந்த மேலோட்டம் உண்டு. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நல்ல மனதோடு எழுதப்பட்டது, ஆனால் அதன் மாந்தர்கள் நாவலாசிரியரின் பரிதாபத்தைத் தாண்டி மூச்சுவிடுவதில்லை. இதைச் சொல்லித் திருத்தத்தான் விமர்சகர் வேண்டும். கெட்ட கதையைக் காட்டி, கதைக்குள் வந்த வாழ்க்கையே கெட்டது என்று தீர்ப்பெழுதுகிறவர் நமக்கு எதற்கு? சுங்கைப் பட்டாணியிலிருந்தே எழுதிய சீ. முத்துசாமி தோட்டத்துப் பேச்சை அதன் கரடுமுரடோடு எடுத்துக்கொண்டு ‘மண்புழுக்கள்’ எழுதினார். 2017இல் கோவையில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் கூப்பிட்டு மரியாதை செய்த எழுத்தாளர் நம் ஊர்க்காரர். அறிஞரின் கட்டுரையில் அவர் பெயரும் இல்லை. மாதரிக்கு நேர்ந்த கதிதான்.

இப்படிப்பட்ட கட்டுரையின் பாதிப்பு எங்கே விழுகிறது என்று வகுப்பறையில் இருந்தவனுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் இலக்கியத்தைப் பட்டியலாகப் படிக்கிறார்கள். கருப்பொருள் ஒன்று, துணைக் கருப்பொருள் மூன்று, முதன்மைப் பாத்திரத்தின் பண்புகள் ஐந்து, படிப்பினை இரண்டு. அன்பானவர், பொறுமைசாலி, கடமையுணர்வு மிக்கவர். ஒரு முறை விடைத்தாளில் ஒரு பையன் மூன்று வெவ்வேறு பாத்திரங்களுக்கு இதே மூன்று பண்புகளை எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். எழுதினால் மார்க் கிடைக்கும் சார் என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாத்திரம் என்பது உயர்குணங்களின் மூட்டை என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் திருப்பிக் கொடுத்தான். அறிஞரின் கட்டுரை அதே பாடத்தைப் பெரிய சொற்களில் மறுபடி நடத்துகிறது. அப்படிப்பட்ட வகுப்பிலிருந்து தப்பித்து, தானாக ஒரு நாவலைத் தேடிப் படித்து, தன் பாட்டியின் முகத்தை அதில் கண்டு, அவளையும் கண்ணகியையும் அருகருகே வைக்கலாமா என்று கேட்க ஒரு பிள்ளை வந்தாள். அவளுக்குக் கிடைத்தது சிரிப்பு.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மழை. கடை வரிசையின் நடைபாதையில் அவள் அண்ணனின் மோட்டாருக்காகக் காத்திருந்தாள். நானும் ஒதுங்கி நின்றேன். பேச்சுக் கொடுத்தபோது முதலில் தயங்கினாள். பிறகு, கோவலனும் கண்ணகியும் மதுரையில் யார் வீட்டில் தங்கினார்கள் சார், அவர்களுக்கு என்ன ஆனது, ஐயா அதைச் சொல்லவே இல்லையே என்றாள். மாதரியைப்பற்றிச் சொன்னேன். தீயில் விழுந்ததைச் சொன்னேன். அதை ஏன் அவ்வளவு தள்ளிச் சொன்னார்கள் என்று கேட்டாள். நீர்ப்படைக் காதையைப் படித்துவிட்டு நீயே யோசித்துச் சொல் என்றேன். அப்போதுதான் அந்த நீலக் கோப்பைத் திறந்தாள். சாரல் படாமல் சுவரோரம் திரும்பி நின்று, முழங்கையில் தாங்கிக்கொண்டு, காதையின் பெயரை எழுதினாள். சரியாக எழுதியிருக்கிறேனா என்று காட்டினாள். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

ஐயா, உங்கள் மறுப்பை எனக்கு எழுத வேண்டாம். அவள் கேட்ட கேள்விக்கு எழுதுங்கள்.